பால் பொங்கிய பிறகு

தமிழ் சினிமாவில் சொந்த வீடு பற்றிய கதை பெரும்பாலும் பால் பொங்கும் காட்சியை நோக்கியே நடக்கிறது. பொங்கியதும் படம் முடிந்துவிடுகிறது. 2025 ஜூலையில் வந்த ஸ்ரீ கணேஷின் ‘3 பிஎச்கே’ ஒரு குடும்பத்தை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடக்கவைத்து, கடைசியில் சொந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. செழியனின் ‘டூலெட்’ வாடகை வீட்டு வாசலைக்கூடத் தாண்டமுடியாமல் தவிக்கும் குடும்பத்தைக் காட்டுகிறது. பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988), சுவர் எழும்பிய பிறகும் கைநழுவிப்போகும் வீட்டின் கதை. முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையே 37 ஆண்டுகள். மூன்றிலும் இல்லாத ஒன்று உண்டு: குடியேறிய மறுநாள்.

மேற்கில் இதே பொருளை எடுத்த படங்கள் அந்த மறுநாளில்தான் தொடங்குகின்றன. சாம் மெண்டிஸின் ‘ரெவல்யூஷனரி ரோடு’ (2008) 1955ஆம் ஆண்டின் கனெக்டிகட் புறநகரில் நடக்கிறது. ரிச்சர்ட் யேட்ஸ் 1961இல் எழுதிய நாவல்தான் அதற்கு மூலம். அழகான வீடு, புல்வெளி, இரண்டு குழந்தைகள், கணவனுக்கு நியூயார்க்கில் அலுவலக வேலை என்று எல்லாம் வந்தாகிவிட்டது. வந்த பிறகுதான் மனைவி ஏப்ரல் வீலருக்கு மூச்சு முட்டுகிறது. பாரிஸுக்குப் போய்விடலாம் என்கிறாள். அந்த ஆசை அவள் உயிரைக் கொண்டுபோவதில் முடிகிறது. ஜூலியன் பார்ன்ஸின் நாவலிலிருந்து 1997இல் எடுக்கப்பட்ட ‘மெட்ரோலேண்ட்’ இன்னும் மென்மையானது. 1977இல் லண்டன் புறநகரில் மனைவி, குழந்தை, வேலை என்று அமைதியாக இருக்கும் ஒருவனிடம் ஊர் சுற்றும் பழைய நண்பன் வந்து சேர்கிறான். 1968இல் பாரிஸில் கழித்த இளமை நினைவுக்கு வந்து அவனைக் குடைகிறது. மெட்ரோபாலிடன் ரயில் கம்பெனி தன் தண்டவாளத்தை ஒட்டிய மனைகளை விற்பதற்காகப் பரப்பிய பெயர்தான் ‘மெட்ரோலேண்ட்’. இங்கேயும் மின்சார ரயில் நகரத்தைத் தெற்கே இழுத்து வந்ததைத் தாம்பரம் பக்கத்தில் வாழ்கிற எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

இங்கே ஏன் அப்படியொரு படம் வரவில்லை என்று கேட்டுவிட்டு, நம் இயக்குநர்களுக்குத் துணிவில்லை என்று முடித்துக்கொள்வது எளிது. அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. பெருங்களத்தூரில் குடியிருப்பவன் என்ற முறையில் எனக்கு முதலில் தெரிவது வேறு. இங்கே வீடு கட்டியவர்களுக்கு அந்த வீடு சிறையாக வரவில்லை, விடுதலையாகத்தான் வந்தது.

1931 மே மாதம் கடற்கரையிலிருந்து தாம்பரம்வரை மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் மெட்ராஸ் கிறித்துவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம் மாறியது. அதற்கும் தெற்கே பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, முடிச்சூர் பக்கமெல்லாம் நெடுங்காலம் ஏரியும் வயலுமாகவே இருந்தன. மாம்பலத்திலும் சைதாப்பேட்டையிலும் வாடகைக்கு இருந்த குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள், ரயில்வே ஊழியர்கள், கம்பெனித் தொழிலாளிகள், பி.எஃப். கடனும் சீட்டுப் பணமும் மனைவியின் வளையலும் சேர்த்து இங்கே அரை கிரவுண்டோ ஒரு கிரவுண்டோ வாங்கினார்கள். தெருவிளக்கு கிடையாது. மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கவேண்டும். பூசாத சுவரோடு குடிவந்தவர்கள் பலர். ஆனாலும் வந்த அன்றைக்கு அவர்கள் தூங்கிய தூக்கம் வேறு. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, பத்து மணிக்கு மேல் கேட் திறக்கமாட்டோம், ஊரிலிருந்து வந்த மாமனார் இன்னும் எத்தனை நாள் இருப்பார், மின்சார யூனிட்டுக்கு நாங்கள் சொல்வதுதான் கணக்கு என்று பேசும் குரல் இனிக் கேட்காது. இந்த நிம்மதியைக் கொச்சையான ஆசை என்று சொல்கிற விமர்சகர் வாடகைக்கு இருந்து பார்க்காதவராகத்தான் இருக்கவேண்டும்.

தமிழ்ப் படங்களின் பெரிய வலிமையே இதைச் சரியாகப் புரிந்துகொண்டதுதான். அதற்கு முதல் சாட்சி ‘டூலெட்’.

கல்லூரி, தென்மேற்குப் பருவக்காற்று, பரதேசி ஆகிய படங்களுக்கு ஒளிப்பதிவு செய்த செழியன் முதன்முறையாக இயக்கிய படம் இது. ஒளிப்பதிவும் அவரே. 2017ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்வாகி, 2019 பிப்ரவரியில் திரையரங்குக்கு வந்தது. கதை நடப்பது 2007இல். தகவல் தொழில்நுட்பக் கம்பெனிகளில் வேலைக்கு வந்தவர்கள் கேட்ட வாடகையைக் கொடுக்கத் தொடங்கியதும், அதற்குக் குறைவாகச் சம்பாதிக்கிறவர்கள் வீட்டைவிட்டுத் தள்ளப்பட்ட காலம் அது. சினிமாவில் காலூன்றப் போராடும் இளங்கோ, மனைவி அமுதா, சிறுவன் சித்தார்த் மூவரும் முப்பது நாளில் வீட்டைக் காலி செய்யவேண்டும். தெருத்தெருவாக அலைகிறார்கள். என்ன ஆட்கள், என்ன சாப்பிடுவீர்கள், என்ன வேலை என்று கேட்கிறார்கள். சினிமா என்றதும் கதவு சாத்தப்படுகிறது. இவர்கள் உள்ளே இருக்கும்போதே புதிதாகக் குடிவர நினைப்பவர்கள் வந்து அறை அறையாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பின்னணி இசை இல்லை. குக்கர் விசில், குழாய்ச் சத்தம், மாடிப்படியில் ஏறிவரும் காலடி இவைதான் இசை. அந்தக் காலடி கேட்கும்போதெல்லாம் குடித்தனக்காரரின் வயிற்றில் என்ன புரளும் என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன வேறு தமிழ்ப் படத்தை நான் பார்த்ததில்லை.

கலைஞனின் சுதந்திரம், குடும்பஸ்தனின் நிலைபேறு என்ற மோதலை நம் மண்ணுக்கு ஏற்றபடி இந்தப் படம் மாற்றிப்போட்டிருக்கிறது. அமெரிக்கப் படத்தில் வீடு இருப்பதால் கனவு சாகிறது. ‘டூலெட்’டில் வீடு இல்லாததால் கனவு சாகிறது. எழுதுவதற்கு ஒரு மேஜையும் அதைப் போட ஒரு மூலையும் வேண்டும். நாளைக்கு எங்கே இருப்போம் என்று தெரியாதவனுக்கு அந்த மூலை கிடையாது. இளமையின் கட்டற்ற வாழ்க்கை என்று மேற்கு கொண்டாடும் அந்த வாழ்க்கைக்கும் தரைவாடகை உண்டு என்பதை, பேசாமலே பேசுகிறது படம்.

அதே படத்தின் குறையையும் சொல்லவேண்டும். வீட்டுக்காரம்மா ஒரே சுருதியில் வருகிறார். கடுகடுப்புதான் அவருடைய முழு குணம். பெருங்களத்தூரிலோ குரோம்பேட்டையிலோ மாடியில் ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிற அம்மாளுக்கு அந்த வாடகை பென்ஷன். சிலருக்கு அந்த மாடியைக் கட்ட வாங்கிய கடனின் தவணையே அந்த வாடகைதான். மகன் வெளிநாட்டில், கணவர் படுக்கையில், கீழே தனியாக ஒரு முதியவள், மேலே முன்பின் தெரியாத குடும்பம் என்ற அச்சமும் அதில் கலந்திருக்கும். ஒரு காலத்தில் அவரும் குடித்தனக்காரராக இருந்து அவமானப்பட்டிருக்கலாம். வதைக்கப்பட்டவர் எப்படி வதைப்பவராகிறார் என்ற கேள்வி இந்தப் பொருளின் நடுநரம்பு. செழியன் அதன்மேல் கைவைக்கவில்லை. அதனால் படத்தின் துயரம் ஒருபக்கத் துயரமாக நின்றுவிடுகிறது. சாதி கேட்பதும் மதம் கேட்பதும் உணவு கேட்பதும் மன்னிக்கக்கூடியவை என்று நான் சொல்லவரவில்லை. கேட்பவருக்குள்ளும் புகுந்து பார்த்திருந்தால் அந்தக் கொடுமை இன்னும் ஆழமாகப் பதிந்திருக்கும்.

‘3 பிஎச்கே’ அளவில் பெரிய படம். பெயர்பெற்ற நடிகர்கள், பாட்டு, பின்னணி இசை, கண்ணீர் எல்லாம் உண்டு. அரவிந்த் சச்சிதானந்தம் எழுதிய சிறுகதையிலிருந்து எடுக்கப்பட்டது. சரத்குமார் ஏற்றிருக்கும் வாசுதேவன் என்ற தகப்பனுக்கு ஒரே ஆசை, சொந்த வீடு. சேர்த்த பணம் ஒவ்வொரு முறையும் வேறு வழியில் போகிறது. மகன் படிப்பு, தன் உடல்நலம், மகள் திருமணம் என்று செலவு வரும்போது வீட்டின் விலையும் ஏறியிருக்கும். இது கற்பனை இல்லை. தாம்பரத்துக்குத் தெற்கே மனை பார்த்த எந்தக் குடும்பத்திலும் ‘அப்பவே வாங்கியிருந்தா’ என்ற பேச்சு இருக்கும். காலத்தைப் பணத்தால் அளக்கும் அந்த நடுத்தர வர்க்கத்து மனத்தை இந்தப் படம் பொறுமையாகப் பதிவு செய்திருக்கிறது. ஐந்தாண்டு தாண்டியது என்பதை நாட்காட்டியைப் புரட்டிச் சொல்லாமல், கையிருப்புக்கும் விலைக்கும் இடையே விழுந்த பள்ளத்தால் சொல்வது நல்ல திரைக்கதை. கைக்கு எட்டாத தொகையைச் சொல்லும்போது சரத்குமாரின் முகத்தில் வரும் வெட்கம் அந்தத் தலைமுறைத் தகப்பன்களின் வெட்கம். அதற்காக மட்டுமே இந்தப் படத்தை ஒருமுறை பார்க்கலாம்.

பிரச்சினை, தகப்பனின் ஆசையை யாருமே கேள்வி கேட்பதில்லை என்பதில் இருக்கிறது. மகன் பிரபுவுக்கு இயந்திரங்கள்மேல் விருப்பம். ஆனால் வேலை கிடைக்கும் என்று கணினிப் படிப்புக்குப் போகிறான், பிடிக்காத வேலையில் ஆண்டுகளைக் கழிக்கிறான், நடுவயதை நெருங்கித்தான் தன் துறைக்குத் திரும்புகிறான். இங்கேதான் அந்தப் பெரிய மோதல் வந்திருக்கவேண்டும். இவ்வளவு ஆண்டுகள் என்னுடையவை, அவற்றைச் செங்கல்லாக்கிவிட்டோம் என்று அவன் ஒருமுறையாவது தகப்பனிடம் சொல்லியிருக்கவேண்டும். தகப்பனும் அதைக் கேட்டுப் பதில் இல்லாமல் உட்கார்ந்திருக்கவேண்டும். படம் அந்தக் கணத்தைத் தொட்டும் தொடாமலும் நழுவிவிடுகிறது. மகனின் தாமதமான சுதந்திரமும் வீட்டுக்கு முன்பணம் சேர்க்கும் வழியாக மாறி, ஒரே வெற்றியில் கரைந்துவிடுகிறது. இரண்டு ஆசைகளும் ஒரே பாதையில் வந்து சேரும் என்பது இனிய முடிவு. பெருங்களத்தூர் தெருக்களில் அது அபூர்வமாகத்தான் நடக்கிறது.

நடப்பது வேறு. இருபது வருடக் கடன் ஓடிக்கொண்டிருக்கும்போது வேலையை விட முடியாது. மேலாளர் அவமதித்தாலும் முடியாது. பாட்டுக் கற்றுக்கொள்ள, எழுத, ஊருக்குப் போய் விவசாயம் பார்க்க என்று எது தோன்றினாலும் தவணை முடியட்டும் என்று தள்ளிவைக்கவேண்டும். வீட்டுக்காரரிடமிருந்து விடுபட்டவன் வங்கியிடம் கட்டுப்படுகிறான். முதல் கட்டு அவமானமாக இருந்தது, இரண்டாவது கட்டு மரியாதையாக இருக்கிறது. மரியாதையான கட்டு என்பதாலேயே அதைப் பற்றிப் புலம்பக்கூட முடிவதில்லை. நல்லாத்தானே இருக்கே என்பார்கள். நம் படங்கள் முதல் கட்டைப் பாதிக்கு மேல் சொல்லிவிட்டன. இரண்டாவது கட்டைப் பக்கத்தில் போய்க்கூடப் பார்க்கவில்லை.

பெண்களிடம் வரும்போது இந்தப் பலவீனம் இன்னும் கூடுகிறது. ‘3 பிஎச்கே’யில் படிப்பில் கெட்டியான மகள் அண்ணனுக்காக விட்டுக்கொடுக்கிறாள். தேவயானி ஏற்ற தாய்க்கு, குடும்பத்தின் ஆசையைத் தவிரத் தனி ஆசை ஒன்று இருந்ததா என்று படத்துக்கே தெரியாது. மூன்று படுக்கையறைகளில் அவளுடைய அறை எது? சமையலறைதான் என்றால் அந்த வீடு யாருக்குச் சொந்தம்? இந்தக் கேள்வியை ஏப்ரல் வீலர் கேட்டாள், உயிரைக் கொடுத்தாள். நம் தாய்மார்கள் உயிரைக் கொடுக்கவில்லை. பேருந்து வராத லே-அவுட்டில், பேசிப்பழகிய அக்கம்பக்கத்தை மாம்பலத்தில் விட்டுவிட்டு, கணவன் ஆறரை மணி ரயிலுக்குப் போனபின் வெறும் மைதானத்தைப் பார்த்தபடி பகலைக் கழித்தார்கள். சினிமாவுக்கோ நூலகத்துக்கோ தனியாகப் போய்வந்த பெண்கள் குடிவந்த பிறகு போவதை நிறுத்திக்கொண்டார்கள். ‘அப்பல்லாம் ஒரே காடு’ என்று அவர்கள் சிரித்துச் சொல்வதில் உள்ள தனிமையை எந்தக் காமிராவும் பதிவு செய்யவில்லை.

விதிவிலக்கு, மிகப் பழைய படமான ‘வீடு’தான். அர்ச்சனா ஏற்ற சுதா வேலைக்குப் போகும் இளம்பெண். தாத்தாவும் தங்கையும் அவள் பொறுப்பு. குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யவேண்டிய நிலை வந்ததும், கையிலிருக்கும் மனையில் தானே கட்டத் துணிகிறாள். கட்டடக்காரரிடம் பேசுவது, கடனுக்கு அலைவது, ஏமாற்றப்படுவது எல்லாமே அவள். ஒரு பெண் மனைப்பத்திரத்தோடு அலுவலகம் அலுவலகமாக ஏறுவதை நாயகி வேலையாக வைத்த பாலு மகேந்திராவின் பார்வை இன்றைக்கும் புதிதாக இருக்கிறது. சித்தாளாக வரும் மங்கம்மாவுக்கும் அந்தப் படத்தில் முதுகெலும்பு உண்டு. சிமெண்ட் திருட்டை எதிர்த்துப் பேசுபவள் அவள். சொக்கலிங்க பாகவதர் ஏற்ற தாத்தா பாதி கட்டிய சுவரைக் கையால் தடவிப் பார்க்கும் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதும், படத்துக்குச் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தன.

கடைசியில் அந்த மனை, குடிநீர் வாரியம் ஏற்கெனவே கையகப்படுத்திய நிலம் என்று தெரியவருகிறது. இந்த முடிவைப் பலர் தற்செயலான அதிர்ச்சி என்று குறை சொன்னதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதுதான் படத்தின் உச்சம். வீடு கட்டுபவர் எல்லோரும் தரைக்கு மேலே பார்க்கிறார்கள், தரைக்கு ஒரு முன்கதை உண்டு. அந்த முன்கதை கதைக்குள் புகுந்து சுவரை ஆட்டுவது இந்த ஒரு படத்தில்தான்.

பழைய காலத்தைக் காட்டும் நம் படங்களின் பொதுவான பலவீனமும் இதோடு ஒப்பிடும்போதுதான் வெளிப்படுகிறது. காலம் என்றால் பொருள்கள் என்று கலை இயக்கம் நினைத்துக்கொண்டிருக்கிறது. கோபி நிறச் சுவர், டயல் போன், ஒனிடா டிவி, பழைய நம்பர் பிளேட் வைத்த ஸ்கூட்டர், சுவரில் ரஜினி பட போஸ்டர், வானொலியில் இளையராஜா. இவை வந்தால் ஆண்டு வந்துவிட்டது என்று ரசிகரும் ஏற்றுக்கொள்கிறார். ஏக்கத்தைத் தூண்ட இவை போதும். ஒரு புறநகர் எப்படி உண்டானது, யாருடைய இடத்தில் உண்டானது என்பதைச் சொல்ல இவை போதாது. ‘வீடு’ எடுக்கப்பட்டபோது அது சமகாலப் படம். படத்துக்காகவே ஒரு வீட்டைக் கட்டி, அது எழும்ப எழும்பப் படம்பிடித்தார்கள். செங்கல்லின் விலையையும் மேஸ்திரியின் பேச்சையும் அலுவலக மேஜையின் அலட்சியத்தையும் நேரில் பார்த்து எடுத்ததால், இன்றைக்கு அது மற்ற எல்லாவற்றையும்விட நம்பகமான காலப்படமாகிவிட்டது.

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளலாம். பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கார்த் தொழிற்சாலை இருந்தது. ஹெரால்டு, கெஸல் கார்களைக் கொடுத்த கம்பெனி. 1985இல் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்ற காரைப் பெரிய எதிர்பார்ப்போடு கொண்டுவந்தது. அது எடுபடவில்லை. சில ஆண்டுகளில் ஆலை மூடப்பட்டது. இயந்திரத்தை நேசித்து வேலைக்கு வந்து, பக்கத்திலேயே மனை வாங்கியவர்கள் நடுவயதில் வேலையிழந்து நின்றார்கள். அந்த ஆலை நிலத்தில் இன்று தகவல் தொழில்நுட்ப வளாகமும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நிற்கின்றன. ‘3 பிஎச்கே’யின் பிரபுவை இங்கே பிறந்தவனாக யோசித்துப் பாருங்கள்: அப்பா கார் ஆலைத் தொழிலாளி, மகனுக்கு இயந்திரம்தான் உயிர், ஆலை இருந்த அதே இடத்தில் கண்ணாடிக் கட்டடத்துக்குள் கணினி முன்னால் உட்காருகிறான். அந்த ஒரு நிலத்துக்குள்ளேயே மூன்று படங்களுக்கான கதை கிடக்கிறது. டயல் போனைத் தேடிப்போகிற நேரத்தில் இதைத் தேடியிருக்கலாம்.

ஏரிகளும் அப்படித்தான். 2015 டிசம்பர் 1ஆம் தேதி பெய்யத் தொடங்கிய மழை 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டராகப் பதிவானது. அடையாறு கரைபுரண்டு முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகள் முதல் மாடிவரை மூழ்கின. மக்களைப் படகில் ஏற்றி வெளியே கொண்டுவந்தார்கள். வாழ்நாள் சேமிப்பை முழுக்க அந்தத் தரையில் போட்டவர்கள் மொட்டைமாடியில் இருந்தபடி அதைப் பார்த்தார்கள். செட்டில் ஆகிவிட்டோம் என்று இருந்தவர்களின் காலடியில் தண்ணீர் தன் பழைய வழியைக் கேட்டு வந்த நாள் அது. 2000 முதல் இன்றுவரை நகரும் ஒரு புறநகர்க் குடும்பக் கதையில் அந்த இரவு நடுநாயகமாக வந்திருக்கவேண்டும்.

இனி, இந்தக் கட்டுரையின் மறுபாதி: இளமையின் சுதந்திரம். பாரிஸ் நமக்கு இல்லை. நமக்கு இருந்தது திருவல்லிக்கேணி மேன்ஷன். ஓர் அறையில் மூன்று கட்டில், கீழே டீக்கடை, பக்கத்தில் மெஸ், கைக்கெட்டும் தூரத்தில் கடற்கரை. வேலை தேடி வந்தவனும் கவிதை எழுத வந்தவனும் சினிமாவுக்கு வந்தவனும் அங்கே ஒரே குழாயில் குளித்தார்கள். கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமத்து அறைகளில் உதவி இயக்குநர்கள் இன்றும் அப்படித்தான் இருக்கிறார்கள். தமிழ்ப் படங்கள் இந்த வாழ்க்கையை வெறும் காத்திருப்பாகவே காட்டிவந்தன. வேலை கிடைக்கும்வரை, காதலி சம்மதிக்கும்வரை, முதல் வாய்ப்பு வரும்வரை. 1980இல் கே. பாலசந்தரின் ‘வறுமையின் நிறம் சிவப்பு’ கொஞ்சம் வேறு மாதிரி. டெல்லியில் பட்டினி கிடக்கும் ரங்கன் தன் மனத்துக்கு ஒவ்வாத எதற்கும் இசையாமல், கடைசியில் முடிதிருத்தும் தொழிலில் நிமிர்ந்து நிற்கிறான். 2000இல் வந்த ‘முகவரி’ இசையமைப்பாளராகத் துடிக்கும் இளைஞனைக் குடும்பத்துக்காக வேலைக்கு அனுப்பியது. அது தோல்வியா தியாகமா என்று தீர்ப்புச் சொல்லாமல் விட்ட நேர்மைக்காக அந்தப் படம் எனக்குப் பிடிக்கும்.

ஆனால் உண்மையான தமிழ்ச் சுதந்திர ஜீவிகளின் வாழ்க்கை இந்த இரண்டிலும் இல்லை. 1970இல் ‘கசடதபற’ சிற்றிதழ் தொடங்கியபோது அதைச் சுற்றியிருந்தவர்களில் பலர் பகலில் அலுவலகத்தில் இருந்தார்கள். சா. கந்தசாமி இந்திய உணவுக் கழகத்தில் வேலை பார்த்தார். அவர்களுக்கு முன்னோடியான ந. பிச்சமூர்த்தி கோயில் நிர்வாக அதிகாரியாக இருந்தார். ஜெமினி ஸ்டூடியோ வேலையை 1966இல் விட்டுவிட்டு எழுத்தையே நம்பிய அசோகமித்திரன் போன்றவர்கள் குறைவு, அந்தத் துணிவுக்கு அவர்கள் கொடுத்த விலை அதிகம். பகலில் கோப்பு, மாலையில் சிற்றிதழ்; மாதம் பிறந்தால் சம்பளத்தில் ஒரு பகுதி அச்சகத்துக்கு. கிளர்ச்சிக்காரனும் குடும்பஸ்தனும் இரண்டு நண்பர்களாகப் பிரிந்து நிற்கும் ‘மெட்ரோலேண்ட்’ கணக்கு இங்கே பொருந்தாது. இங்கே இருவரும் ஒரே ஆள், ஒரே நாளில் ஒருவர் பின் ஒருவராக வந்துபோகிறார்கள். அந்த மனிதரின் மனைவி அச்சகத்துக்குப் போன பணத்தைப் பற்றி என்ன நினைத்தாள் என்பதிலிருந்து ஒரு மகத்தான படம் தொடங்கலாம்.

இரண்டையும் ஒன்றாக்க முடியும் என்று செய்து காட்டியவர்களும் இதே தெற்குச் சென்னைப் புறநகரில் இருந்தார்கள். அரசு கவின்கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், 1966இல் தன் மாணவர்களோடும் சக ஓவியர்களோடும் சேர்ந்து ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரையை ஒட்டி நிலம் வாங்கிச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். ஓவியம் விற்று அப்போது வாழ முடியாது. பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்த வருமானத்தில் மனை வாங்கி, குடிசையும் சிறு வீடும் கட்டிக்கொண்டு, மிச்ச நேரத்தில் யாருக்கும் பதில் சொல்லாமல் வரைந்தார்கள். சுல்தான் அலி, எஸ்.ஜி. வாசுதேவ் போன்றவர்கள் அங்கிருந்தவர்கள். வசதியில்லை, மணல்தான், மின்சாரம்கூடப் பிறகுதான் வந்தது. ஆனாலும் மனை வாங்குவதும் சுதந்திரமாக இருப்பதும் எதிரெதிர் இல்லை, யாரோடு சேர்ந்து வாங்குகிறோம், எதற்காக வாங்குகிறோம் என்பதில்தான் வேறுபாடு என்று அந்த இடம் இன்றும் சொல்கிறது. தனித்தனியாக ஒரு கிரவுண்டு வாங்கிச் சுற்றுச்சுவர் எழுப்பிய எங்கள் தெருக்களுக்கும், கூட்டாக வாங்கிச் சுவர் இல்லாமல் வாழப்பார்த்த அந்தக் கிராமத்துக்கும் நேர்க்கோட்டில் இருபது கிலோமீட்டர்கூட இல்லை. இவ்வளவு நாடகம் நிறைந்த ஒரு காலக்கதை முழுநீளத் தமிழ்ப் படமாக வந்து நான் பார்க்கவில்லை.

மூன்று படங்களில் என் முதலிடம் ‘வீடு’க்கு. ‘டூலெட்’ அதற்கு அருகில் நிற்கிறது. ‘3 பிஎச்கே’ நல்ல மனத்தோடு எடுக்கப்பட்டு, கேட்கவேண்டிய கேள்வியின் வாசலில் திரும்பிவிட்ட படம். அடுத்து வரப்போகிறவர், குறிப்பாக இந்த மின்சார ரயிலில் வளர்ந்து இப்போது சாலிகிராமத்து அறையில் திரைக்கதை எழுதிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள், கிரகப்பிரவேசத்துக்கு மறுநாளிலிருந்து கதையைத் தொடங்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எண்பதுகளில் இங்கே மனை வாங்கியவர்களுக்கு இப்போது எழுபது வயது தாண்டிவிட்டது. பத்திரக் கட்டு, கடன் தவணைப் புத்தகம், பூசாத சுவருக்கு முன் நின்று எடுத்த புகைப்படம் எல்லாம் இன்னும் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. அவர்களிடம், முக்கியமாக அந்த வீட்டு அம்மாக்களிடம், இப்போதே போய்க் கேளுங்கள்.